எட்டாவது ஆள்

சண்டே பஜாரில் விடிவதற்கு முன்னால்
செல்போன் வெளிச்சத்தில்தான் வாங்க வேண்டும்.
விடிந்துவிட்டால் நவாஸுக்கு விலை தெரிந்துவிடும்.
குக்கர் மூடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
ஏழு அங்குல இசைத்தட்டுகள்,
மெதுவடை மாதிரி பெரிய ஓட்டையோடு.
சோல் என்றால் அவனுக்குச் செருப்பின் அடிப்பாகம்.
"அழுவுற பாட்டு தானேக்கா" என்று
கையை விட்டுக் கிளறித் தருவான்.

எனக்கு வேண்டியது ஒரே பாட்டு.
கதவைத் திறந்தே வை என்று ஒருத்தி
போகிறவனிடம் சொல்லும் இரண்டரை நிமிஷம்.
ஏழு பேர் பாடி ஏழு தட்டு இருக்கிறது என்னிடம்.
முதலில் பாடியவள் கெஞ்சவில்லை,
பால்காரருக்குச் சீட்டு எழுதி வைப்பதுபோலச் சொல்கிறாள்.
இரண்டாமவன் தேம்புகிறான், மூக்கு உறிஞ்சுவதுகூடக் கேட்கும்.
லண்டன்காரியின் உச்சரிப்பு சுத்தம்,
அவள் வீட்டில் கதவே இல்லை.
ஐந்தாவதில் டிரம்ஸ்காரனுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமைகளில் காக்ஸ் டவுனிலிருந்து பெர்சி வருவான்.
அவனுக்கு முதல் தட்டு மட்டும்தான் பாட்டு,
மீதி எல்லாம் ஜெராக்ஸ்.
நான் வங்கியில் கையெழுத்து ஒத்துப் பார்ப்பவள்,
பத்தொன்பது வருஷமாக.
ஒரே ஆள் இரண்டு தரம் போட்டால் இரண்டும் ஒட்டாது.
அச்சாக ஒட்டினால்
மேலாளரைக் கூப்பிட வேண்டும்.
முதலில் அழுதாள் என்பதற்காக
அழுகையே அவள் பெயரில் பதிவாகிவிடுமா பெர்சி
என்று கேட்டால்
ரசம் நல்லா இருக்கு என்பான்.

போன மழையில் கிடைத்தது எட்டாவது.
உறை வேறு பாட்டுடையது.
லேபிளில் பெயர் இருந்த இடத்தை
ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
பாத்திரச் சோப்பில் கழுவினேன்,
ஊசித் தலையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து
ஓட விட்டேன்.

ஓர் ஆண். ஐம்பது வயது இருக்கும்.
ஒவ்வொரு சொல்லையும் தூக்கி
கனம் பார்த்து இறக்கி வைக்கிறான்.
'திறந்தே' என்கிற இடத்தில்
மூன்று மாடி ஏறி வந்தவன்போல நிற்கிறான்.
கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது என்று
தெரிந்த குரல்.
நோட்டில் எழுதினேன்:
ஆண். நிறைய இழந்தவன். இவன்தான்.

மூன்று மாதம் வேறு தட்டு போடவில்லை.
பெர்சிக்குக் கண் ஆபரேஷன், அவனும் வரவில்லை.
இவனோடு சாப்பிட்டேன், புடவை இஸ்திரி போட்டேன்.
மர்பி டவுன் முழுக்கக் கரண்ட் போன ராத்திரி
இவன் இல்லாமல் தூக்கம் வரவில்லை.
கீழ்வீட்டு மஞ்சுளம்மா துடைப்பக் கட்டையால்
கூரையை இடிப்பதுகூடத் தாளத்துக்கு வந்திருந்தது.

தூசு துடைக்கும்போது பார்த்தேன்,
வேக விசை முப்பத்து மூன்றில் இருந்தது.
அதற்கு முன் எப்போதோ ஒரு பஜனை எல்பி
கேட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

நாற்பத்தைந்துக்குத் தள்ளினேன்.
ஒரு சின்னப் பெண். பதினேழுகூட இராது.
பல் தெரியப் பாடுகிறாள்,
சீக்கிரம் கதவைத் திற, கையில் ஐஸ்கிரீம் உருகுகிறது
என்பதுபோல.
நல்ல பெண். நன்றாகவே பாடுகிறாள்.
ஒரு முறை கேட்டேன், போதும்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் பேனாவைத் திறக்காமல் இருந்தேன்.
வங்கியாக இருந்தால் சிவப்பு மை.

சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு பெர்சி வந்தான்.
அவன் கை கழுவப் போன நேரத்தில்
விசையைப் பழைய இடத்துக்கே தள்ளினேன்.

கரண்டி பாதியில் நின்றது.
ரசத்தைப் பற்றி அன்று பேச்சே இல்லை.
பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது
யார் இது, என்றான்.
ராமபாணம் தின்ற இடத்தைக் காட்டினேன்.

கண்ணைக் கசக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.
கண்ணாடியை மட்டும் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி
சொன்னான்:
"இவன்தான் முதல்ல பாடியிருக்கணும்."